பின்சீட்டுக் கனம்

யாரும் ஏறவில்லை. ஆனாலும் வண்டியின் பின்பக்கம் மெல்லத் தணிந்தது.

மைத்துனனின் பட்டறை வாசலில், சாம்பல் நிறப் பெரிய டூரிங் பைக்கின் மேல் அவன் இரண்டு கால்களையும் அழுந்த ஊன்றி உட்கார்ந்திருந்தான். பிரேக்கை இறுக்கிப் பிடித்து, தோளுக்கு மேல் ஒருமுறை தலையாட்டியிருந்தான். மனைவியை ஏற்றிக்கொள்ளும்போது எப்போதும் செய்வதுதான். இவ்வளவு கனமான வண்டியில் பின்னால் வருகிறவர் எதிர்பாராமல் ஏறினால் வண்டி சாய்ந்துவிடும்; அதனால் ஓட்டுகிறவன் தலையாட்டிய பிறகுதான் ஏற வேண்டும். கல்யாணமான புதிதில் அவளுக்கு அவன் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. இப்போது பின்னால் அவள் இல்லை. "அக்காவ ஏத்திக்கற மாதிரியே ஒரு தடவ பண்ணுங்க மாமா, அப்பத்தான் பேலன்ஸ் தெரியும்" என்று மைத்துனன் சொன்னதால் சும்மா செய்து பார்த்தான்.

"என்னடா மச்சான், ஸ்பிரிங் செத்துப்போச்சா? ஆளில்லாமலே உக்காருது."

"பழைய வண்டி மாமா. அப்பப்ப பெருமூச்சு விடும், உங்கள மாதிரி."

மைத்துனன் சிரித்தான். மூட்டையை இறக்கி வைத்தவன்போல அவன் தோள்கள் தளர்ந்தன. குனிந்து, பின் ஸ்பிரிங்கின் திருகை இரண்டு ஆளுக்கு ஏற்றபடி இறுக்கினான்.

"ஒத்த ஆளுதானே போறேன்?"

"இருக்கட்டும் மாமா."

அவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தும் குழந்தை தங்காமல், போதும், இனி நாம் இரண்டு பேரும் ஊர் ஊராகச் சுற்றுவோம் என்று மனைவி சொன்ன நாளிலிருந்து நெடுந்தூரத்துக்கு ஏற்ற வண்டி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தான். மதியம் ஓட்டிப் பார்த்த நீல வண்டி பிடித்துப்போயிற்று. ஆனால் காலையில் மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள்: "தம்பி கடையில அந்த சாம்பல் வண்டியையும் ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

ஊரின் கடைசிக் கடைகள் பின்னால் போய், விளக்கில்லாத மேம்பாலம் இறங்கி, ஏரிக்கரைச் சாலை தொடங்கும்போது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. எஞ்சினின் சூடு தொடைகளில் இதமாக ஏறியது, காற்றில் பாசி வாடை அடித்தது, டயர்கள் தாரில் ஓடும் சீரான இரைச்சல் ஹெல்மெட்டுக்குள் தூக்கம்போல நிறைந்தது. நல்ல வண்டி என்றுதான் நினைத்தான். வேகத்தடை கண்ணில் பட்டதும் பிரேக் பிடித்தான்.

டொக்.

ஹெல்மெட்டின் பின்பக்கம். அந்தச் சத்தம் அவனுக்கு நன்றாகத் தெரியும். சட்டென்று பிரேக் பிடித்தால் பின்னால் இருப்பவரின் ஹெல்மெட் முன்னால் வந்து முட்டும் சத்தம் அது. ஏதோ கல் தெறித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டான். கண்ணாடியில் பார்த்தான். காலியான சாலை, ஏரி, வானத்தின் கடைசிச் சிவப்பு.

முதல் வளைவில் வண்டி சாய மறுத்தது. யாரோ பயந்து எதிர்ப்பக்கம் சாய்வதுபோல முரண்டு பிடித்தது. இரண்டாவது வளைவில் அந்த முரண்டு குறைந்தது. மூன்றாவதில் அவன் சாய்ந்தபோது பின்னாலிருந்த கனமும் கூடவே சாய்ந்தது. அளவாக. பழகிவிட்டது.

பாசி வாடை காற்றில் வரவில்லை. அவன் கழுத்துக்குப் பின்னால் இருந்து வந்தது.

ஹெல்மெட் ஸ்பீக்கரில் போன் ஒலித்தது. மைத்துனன்.

"மாமா, திரும்பிப் பாக்காதீங்க."

"யார்றா பின்னாடி?"

"தெரியல. ஏலத்துல எடுத்த வண்டி. மொத நாள் ஏரிக்கரையில யாரோ லிஃப்ட் கேட்ட மாதிரி இருந்துச்சு. தலையாட்டிட்டேன். அன்னிலேர்ந்து என்கூட வீட்டுக்கு வருது." மூச்சு வாங்கினான். "முந்தாநாள் தொட்டில் தானா தணிஞ்சுது மாமா. புள்ள உள்ள தூங்கிட்டிருந்துச்சு."

"டேய்..."

"எத்தனையோ பேருக்கு ஓட்டிப் பாக்கக் குடுத்தேன். ஒருத்தரும் தலையாட்டல. அந்தப் பழக்கம் உங்களுக்குத்தான் இருக்கு. கடைக்கு வராதீங்க, ஷட்டர் போட்டுட்டேன். வண்டிக்குக் காசு வேணாம்."

லைன் அறுந்தது. மாப்பிள்ளைத் தோழனாக மணவறையில் பக்கத்தில் நின்றவன். கை ஒடிந்து கிடந்தபோது சாதம் பிசைந்து ஊட்டிவிட்டவன். காசு வேண்டாமாம்.

எங்கே போவது? வண்டியைப் போட்டுவிட்டு நடக்கலாம் என்று நிறுத்தி இறங்கினான். அவன் எடை போனதும் வண்டி கொஞ்சம் எழும்பியது. நின்றது. பிறகு இன்னொரு முறை எழும்பியது. பின் சீட்டின் மெத்தையில் இருந்த பள்ளம் மெதுவாக நிரம்பியது. பக்கத்துச் சரளையில் ஒரு கல் நகர்ந்தது.

ஏறி முறுக்கினான். தலையாட்டவில்லை. ஆனாலும் பின்பக்கம் தணிந்தது.

அதற்குப் பிறகு வழி நினைவில்லை. வீடு. வாசல் விளக்கு. கம்பிக் கதவுக்குப் பின்னால் அவள். சாவி அவள் கையில்தான் இருந்தது. பூட்டு உள்பக்கம் தொங்கியது.

இறங்கி ஓடினான். "கதவத் தொற."

அவள் அசையவில்லை. அழுதிருந்தாள். "தம்பி எல்லாம் சொன்னான்."

"இப்பவா போன் பண்ணான்?"

"நேத்தே சொன்னான்."

கம்பியைப் பிடித்தான். கம்பி சில்லென்றிருந்தது. காலையில் அவள் டம்ளரை நீட்டியபடி, நிமிர்ந்து பார்க்காமல், சாம்பல் வண்டியையும் ஓட்டிப் பார்க்கச் சொன்ன அந்தக் குரல்.

"அவனுக்குக் கைப்புள்ள இருக்குங்க. பச்ச மண்ணு. நமக்கு யாரு இருக்கா?"

"நான் இருக்கேனேடி."

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் பார்வை அவன் இடுப்பில் நிலைத்திருந்தது. அவனும் குனிந்து பார்த்தான். வண்டி தெருவோரம் தள்ளி நின்றது. அவன் தரையில்தான் நின்றிருந்தான். இருந்தும் வயிற்றின் இரண்டு பக்கமும் சட்டைத் துணி மெல்லச் சுருங்கியது. கொத்துக் கொத்தாக. விரல் விரலாக. ஈரம் படர்ந்தது. பிடி இறுகியது.

அவள் கை சுவரைத் தடவிச் சென்று வாசல் விளக்கை அணைத்தது.