ஆறாவது வட்டு

புதுத்துறையில் எழுந்ததும் எல்லோரும் முதலில் காதில் பேர்சொல்லியை மாட்டிக்கொள்வார்கள். பல் விளக்குவதெல்லாம் அப்புறம்தான். முகமறதிக் காய்ச்சல் வந்துபோனதிலிருந்து அந்த ஊரில் எவருக்கும் எந்த முகமும் மனத்தில் தங்குவதில்லை. எதிரே நிற்பது கணவரா, காய்கறிக்காரரா என்று காதுக்குள் அதுதான் சொல்லும்.

அன்று காலை குந்தவியைப் பார்த்து அவள் மகள் நிறைமதி அலறினாள். பேர்சொல்லி, "தெரியாதவர்" என்றிருக்கிறது. குந்தவியின் காதிலும் மகளைப் பற்றி அதே சொல்தான். வீட்டில் இருப்பது இவர்கள் இருவர் மட்டும் என்பதால் ஒருவழியாகத் தேற்ற முடிந்தது.

"உனக்கு மட்டுமில்லடி, ஊருக்கே கெட்டுப்போச்சு. அம்மா போய்ச் சரி பண்ணிட்டு சாயங்காலம் வந்துடுவேன்."

"நீ வரும்போது உன் பேரச் சொல்லுமா?"

"சொல்லும், பாரேன்."

பேர்சொல்லிகளுக்கு முகங்களைத் தரும் வட்டடுக்கு நிலையத்தில்தான் குந்தவிக்கு வேலை. ஊராரின் முகங்களையெல்லாம் துண்டு துண்டாக்கி ஐந்து கணினி வட்டுகளில் பரப்பி வைத்திருந்தார்கள். இடம் போதாமல் ஆறாவதைச் சேர்த்து, எல்லாத் துண்டுகளையும் ஆறுக்குமாகப் பிரித்து அடுக்கும் வேலையை முந்தின நாள் காலை அவள்தான் தொடங்கிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். இரவு வெகுநேரம் கழித்து அமைச்சர் வந்தார். அவர் பொத்தானை அழுத்தித்தான் வேலை ஆரம்பமாக வேண்டும் என்பதற்காக, பாதி நடந்திருந்ததை நிறுத்தி, வட்டுக்கு மாலை போட்டு, முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். எதுவரை அடுக்கி முடிந்தது என்ற குறிப்பு அந்த ஒரே அழுத்தலில் அழிந்துபோய், அடுக்கு அப்படியே நின்றுவிட்டது.

"நல்ல நேரம் முடியறதுக்குள்ள அமுக்கணும்னுட்டாங்கம்மா," என்றார் செயற்பொறியாளர் தணிகைவேல்.

"ஓடிட்டிருக்கறத நிறுத்தித் திரும்ப ஓட்டறதுக்கு எதுக்கு சார் நல்ல நேரம்? ஒயரே இல்லாத ஒரு பொத்தானக் கொடுத்து அமுக்கச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"அமைச்சர ஏமாத்தச் சொல்றியா?"

ஊரை ஏமாற்றினால் பரவாயில்லை போலிருக்கிறது.

முகப் பதிவுகளில் அடுக்கி முடிந்த முன்பகுதி ஆறு வட்டு வரிசையில் இருந்தது, மீதிப் பின்பகுதி பழைய ஐந்து வட்டு வரிசையில். இரண்டும் சேரும் எல்லை தெரிந்தால் எல்லாம் மீளும். நகல் எடுத்து வைத்துக்கொண்டு அதில் தேடுவதுதான் முறை. நகலுக்கென்று வாங்கிய வட்டைத்தான், அவள் வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல், ஆறாவதாக்கி மாலை போட்டார்கள். ஆகவே அசலிலேயே கைவைக்க வேண்டும். ஊகித்த இடத்தில் யாராவது ஒருவருடைய பதிவை வைத்துக் கோத்துப் பார்க்கலாம். ஊகம் தவறினால் அது சிதைகிற விதத்தைக் கொண்டு எல்லையைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அந்த ஆளுடைய பதிவு போனது போனதுதான்.

"கரையோர அகதி முகாம்காரன் எவனையாவது எடுத்துக்க. கேக்க ஆளிருக்காது."

"உங்க பதிவ எடுத்துக்கட்டுமா சார்?"

தணிகைவேல் சுவரைப் பார்த்தார். அவர் இன்னொரு வார்த்தை பேசியிருந்தால் கையிலிருந்த திருப்புளியை எறிந்திருப்பாள். அந்த ஆத்திரத்தோடேயே தன் பதிவை எடுத்து வைத்தாள்.

ஊகம் தவறியது. எல்லை பிடிபட்டது. பொழுது சாய்வதற்குள் மற்றவர்கள் அத்தனை பேருடைய முகங்களும் மீண்டன. தெருவில் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுதார்கள். தணிகைவேல் அமைச்சருக்கு போன் போட்டு, "முழுசா மீட்டுட்டோங்க ஐயா," என்றார்.

"என் முகத்த எப்ப சார் திரும்பப் பதியறது?"

"நெருங்கின சொந்தம் ஒருத்தரக் கூட்டிட்டு வரணும். அவங்க பேர்சொல்லி உன் பேரச் சொன்னாத்தான் பதியலாம். விதி அது."

"அது சொல்லாததாலதானே சார் பதியச் சொல்றேன்!"

"என்கிட்ட கத்தி என்ன பிரயோஜனம்?"

வீடு வரும்வரை அவரையும் அமைச்சரையும் அந்தப் பொத்தானையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வந்தாள். கதவைத் தட்டினாள். உள்ளே காலடிச் சத்தம் ஓடி வந்து, கதவின் பார்வைத் துளைக்குப் பின்னால் நின்றது.

"மதி, நான்தான்டி, அம்மா. கதவத் தெற."

"குரல் அம்மா மாதிரியே இருக்கு," என்றாள் நிறைமதி. "ஆனா தெரியாதவர்னு சொல்லுதே."

"காலையிலயும் அப்படித்தானடி சொல்லுச்சு?"

"காலைல எல்லாரையுமே அப்படித்தான் சொல்லுச்சு. இப்ப ஜன்னல் வழியாப் பாத்தேன், தெருவுல எல்லார் பேரும் கரெக்டாச் சொல்லுது."

குந்தவி கதவை ஓங்கி ஓங்கி அறைந்தாள். உள்ளே தாழ்ப்பாள் இன்னொன்றும் விழுந்தது.

"நீங்க போயிடுங்க," என்றாள் நிறைமதி. "எங்கம்மாதான் அதச் சரி பண்ணாங்க. இப்ப வந்துடுவாங்க."