பூனை மேல் விழுந்த பழி

ஒன்பது வயதாகியும் ஆள் வளரவே இல்லை என்று தெருவே அவளைக் ‘கடுகு’ என்றுதான் கூப்பிடும். அந்தக் கடுகுக்கு அன்று அழுகை அழுகையாக வந்தது.

தையல்காரரான அவள் அம்மாவின் கையில் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. அரிப்போ அரிப்பு! ஊசியைப் பிடிக்கவே சிரமம். இரண்டு வாரமாக இந்தப் பாடு. பூனைக்குட்டி வீட்டுக்கு வந்தும் இரண்டு வாரம்தான். அப்புறம் பழி யார் மேல் விழும்?

“எல்லாம் இந்தப் பூனை முடியாலதான். சாயங்காலம் உங்க சித்தி வந்து தூக்கிட்டுப் போயிடுவா” என்றார் அப்பா.

“பாவம்ப்பா அது!”

“அம்மா கையைப் பாரு. அதுவும் பாவம்தானே?”

கடுகு பூனைக்குட்டியைத் தூக்கிக்கொண்டாள். அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

அம்மா தரையில் துணியை விரித்து வெட்டிக்கொண்டிருந்தார். பூனைக்குட்டி அவர் மடியில் ஏறியது. வெட்டும்போது கத்தரிக்கோலைக் கீழே வைப்பது அம்மாவுக்குப் பிடிக்காது. அதனால் எப்போதும்போல இடது கையால் குட்டியைத் தடவிக்கொடுத்தார்.

கடுகு துள்ளி எழுந்தாள். “அம்மா, இடது கையைக் காட்டு!”

அதில் ஒரு புள்ளிகூட இல்லை. வலது கையிலோ கட்டைவிரலையும் நடுவிரலையும் சுற்றி, மோதிரம் போட்டதுபோலத் தடிப்பு.

“பூனையைத் தடவுற கை நல்லாத்தானே இருக்கு! கத்தரி பிடிக்கிற கைதான் அரிக்குது. இதை எப்போம்மா வாங்கின?”

அம்மா திருதிருவென்று விழித்தார். “அட ஆமா! இதுவும் வந்து ரெண்டு வாரம்தான் ஆச்சு!”

கத்தரிக்கோலோடு மூவரும் தெருமுனை டாக்டரம்மாவிடம் ஓடினார்கள்.

“மலிவுத் தோடு போட்டா காது அரிக்குமா?” என்று கேட்டார் டாக்டரம்மா.

“ஐயோ, புண்ணாவே ஆயிடும்!” என்றார் அம்மா.

“அப்போ பூனை மேல குத்தமில்ல. இந்தக் கத்தரியில நிக்கல்னு ஒரு உலோகப் பூச்சு இருக்கும். வேர்வை பட்டா துளியூண்டு கரைஞ்சு தோலுக்குள்ள போயிடும். அது ரொம்பப் பொடிசு. தனியா இருந்தா நம்ம உடம்போட காவல் அணுக்கள் கண்டுக்காது. ஆனா நம்ம தோல்ல இருக்கிற புரதத்தோட ஒட்டிக்கிட்டா, சில பேர் உடம்புல, ‘யாருடா இந்தப் புது ஆளு?’ன்னு சண்டைக்குக் கிளம்பிடும். அந்தச் சண்டைதான் இந்தத் தடிப்பு.”

“துளியூண்டு இருந்துக்கிட்டு இவ்வளவு அட்டகாசமா!” என்று வாயைப் பிளந்தார் அப்பா.

டாக்டரம்மா களிம்பு கொடுத்தார். பிளாஸ்டிக் பிடி போட்ட கத்தரி வாங்கச் சொன்னார்.

சாயங்காலம் சித்தி பெரிய கூடையோடு வந்து நின்றாள். “எங்கே பூனை?”

அப்பா பூனைக்குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“கூடையை வேணும்னா வெச்சுட்டுப் போம்மா. எங்க பூனை படுத்துக்க ஆகும்.”