உப்பில்லாத இலை

கோடம்பாக்கத்திலிருந்து ஹம்சா மயிலாப்பூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்று. வெயில் மண்டையைப் பிளந்தது. "அம்மாவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு, உடனே வா" என்று அண்ணன் சாய்சரண் போனில் சொன்னதை அவள் பாதிதான் நம்பியிருந்தாள். பத்து நாள் முன்புவரை, காபி ஆறுவதற்குள் பேப்பரின் குறுக்கெழுத்தை முடித்துவிடுகிறவள் அபயாம்பாள்.

கதவைத் திறந்த சாய்சரணின் நெற்றியில் கட்டு. அதையும் மீறி ரத்தம் கசிந்தது. அவனுக்கு அமெரிக்க விசா வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விமானம்.

"டவராவாலயே அடிச்சுட்டா. இது மறதி வியாதி, ஹம்சா. நாளைக்குக் கார்த்தால முதியோர் ஹோம்லேந்து வண்டி வரும். கையெழுத்துப் போட்டுட்டேன்."

"பத்து நாள்லயா மறதி வியாதி வரும்?"

பெற்றவளை மூட்டை கட்டிவிட்டு ஊர் போகப் பார்க்கிறானே என்று ஹம்சாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சமையலறையில் பட்டப்பகலிலேயே இருட்டு. ஜன்னலைச் சாத்தி, இடுக்கெல்லாம் துணி அடைத்திருந்தது. வெந்த சோற்றின் வாசனைக்கு அடியில் ஈர மண்ணின் வாடை. அபயாம்பாள் எதிரும் புதிருமாக இரண்டு இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு இலை யாருக்கும்மா?"

"மெதுவாப் பேசு. சாப்பிட்டுண்டிருக்கா."

எதிர் இலையில் யாருமில்லை.

ஆனால் சோற்றில் கை அளைந்த குழி இருந்தது.

ஹம்சா குனிந்தாள். அபயாம்பாளின் கண்கள் மகளின் தோளுக்கு மேல் நிலைகுத்தி நின்றன.

"விடுடீ! அவளை விடு!"

அருவாமணையை இரண்டு கையாலும் தூக்கி வீசினாள். இரும்பு காதோரம் பாய்ந்து தோளில் இறங்கியது. ஹம்சா அலறிக்கொண்டு விழுந்தாள். ரசப் பாத்திரம் கவிழ்ந்து முகமெல்லாம் தெறித்தது. சாய்சரண் ஓடிவந்து தாயைக் கட்டிப் பிடித்தான். அவள் அவன் மணிக்கட்டைக் கடித்துக் குதறினாள். திடீரென்று கைகால் வெட்டி இழுத்தது. வாயில் நுரை தள்ள, கட்டையாகச் சாய்ந்தாள்.

அடையாறில் ஒரு ஆஸ்பத்திரி. தோளில் பதினோரு தையலோடு உட்கார்ந்திருந்த ஹம்சாவிடம் டாக்டர் விஜயலக்ஷ்மி பொறுமையாகத்தான் பேசினார்.

"மறதி நோய் வருஷக்கணக்கா மெதுவா அரிக்கும்மா. பத்தே நாள்ல, காலையில தெளிவு, மத்தியானம் வெறின்னு ஆளே மாறினா, உடம்புல எங்கேயோ கோளாறுன்னு அர்த்தம். சிறுநீர்ல கிருமியா, தலையில அடியா, மாத்திரையான்னு ஒண்ணொண்ணாத் தேடணும். வயசு மேல பழி போட்டுட்டு விட்டுடக் கூடாது. என்ன மாத்திரை சாப்பிடறாங்க?"

"பிரஷருக்கு, நீர் பிரியற மாத்திரை. ரெண்டு மாசமா."

"சாப்பாடு?"

உதட்டில் தெறித்த ரசத்தின் ருசி அப்போதுதான் ஹம்சாவுக்கு உறைத்தது. "அதுல உப்பே இல்லை, டாக்டர்."

ரத்தத்தைச் சோதித்தார்கள். உப்புச் சத்து அதலபாதாளத்தில் இருந்தது. மெதுவாக ஏற்றினார்கள். மூன்றாம் நாள் காலையில் அபயாம்பாள் கண் விழித்து, மகனைப் பார்த்துச் சிரித்தாள்.

"உனக்கு விசா கிடைக்கணும்னு ஒப்பிலியப்பனுக்கு வேண்டிண்டேன். ஒரு மண்டலம் உப்பில்லாத சாப்பாடு. வெளில சொன்னாப் பலிக்காதுன்னு சொல்லலை."

சாய்சரண் ஹோம் காகிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்தான். பிறகு வராந்தாவுக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

டாக்டர் கேள்விகள் கேட்டார். கிழமை, தேதி, நூறிலிருந்து ஏழேழாகக் குறைப்பது. அபயாம்பாள் ஒன்றுகூடத் தப்பவில்லை. அம்மா திரும்பக் கிடைத்துவிட்டாள். ஹம்சாவுக்கு உயிர் வந்தது.

"அப்பறம் ஏம்மா என்னை வெட்டினே?"

"உன்னை யாருடி வெட்டினா? உன் கழுத்தை நெரிச்சுண்டிருந்தாளே, அவ கையைன்னா வெட்டினேன். ரெண்டு விரல் துண்டாப் போச்சு."

டாக்டர் புன்னகைத்தார். "குழப்பத்துல பார்த்தது கொஞ்ச நாள் மனசுல நிக்கும். போயிடும்."

அபயாம்பாள் அவரை இரக்கத்தோடு பார்த்தாள். அந்தப் பார்வையில் துளிக் கலக்கமில்லை.

"உப்பில்லாத சோத்துக்கு வந்தவ, டாக்டர். இந்த வார்டு பூரா பத்தியச் சாப்பாடு. அவளுக்கு இங்கே குறைச்சலே இல்லை."

வெளியே சாப்பாட்டு வண்டி உருண்டு வந்து நின்றது.

டாக்டரின் பேனா கீழே விழுந்தது.

அவர் முதுகு சுவரில் மோதியது. இரண்டு கையாலும் தன் கழுத்தைப் பிறாண்டினார். கண்கள் பிதுங்கின. குதிகால்கள் தரையைவிட்டு எழும்பின. ஹம்சா பாய்ந்து பிடித்து இழுத்தாள். அசைக்க முடியவில்லை.

அபயாம்பாள் கையிலிருந்த ஊசியைப் பிடுங்கி எறிந்தாள். தலைமாட்டில் தொங்கிய உப்புத் தண்ணீர் பாட்டிலை இழுத்து, டாக்டரின் தலைக்கு மேல் சுவரில் ஓங்கி அடித்தாள். கண்ணாடி சிதறியது. டாக்டர் பொத்தென்று விழுந்தார்.

ஓடிவந்த நர்ஸ் ஆரோக்கியமேரி கண்டது இதைத்தான்: தரையில் ரத்தத்தோடு டாக்டர், உடைந்த பாட்டிலோடு ஒரு கிழவி.

"மறுபடியும் பைத்தியம் முத்திடுச்சு! கட்டுங்க இந்தம்மாவ!"

இரண்டு பேர் அபயாம்பாளை அமுக்கிக் கட்டிலோடு கட்டினார்கள். "அம்மா இல்லை, அம்மா பண்ணலை" என்று ஹம்சா கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. டாக்டருக்குப் பேச்சு வரவில்லை. ஹம்சா அவர் கையை விலக்கிக் கழுத்தைப் பார்த்தாள். தடம் கன்றிச் சிவந்திருந்தது. ஒரு பக்கம் கட்டைவிரல். மறுபக்கம் இரண்டே விரல்.

கட்டிலில் கட்டியிருந்த அம்மாவின் கைகளில் பத்து விரலும் இருந்தன.