வலி வராத கட்டில்

கற்பகவல்லி பஸ்ஸை விட்டு இறங்கியபோது காலை வெயில் அதற்குள் சுடத் தொடங்கியிருந்தது. கத்திரிக் காலம். சிவகாசிச் சாலையில் பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஒரு வேனில் ஜன்னலோரம் இருந்த பெண்கள், மருத்துவமனை வாசலைக் கடக்கும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

அவள் காரியாபட்டிப் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பெண். மதுரையில் ஒரு நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள், நாற்பது வயதுக்கு மேல் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தாள். தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும் நேரத்து வலிதான் அவளுடைய ஆராய்ச்சி. வெந்த நேரத்தைவிடக் கட்டுப் பிரிக்கும் நேரம் கொடுமையானது என்பது தீக்காய வார்டில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். மருந்து ஒருபக்கம் இருக்க, பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சை இழுத்துவிடச் சொல்லி, பேச்சுக் கொடுத்து, அந்த வலியை எவ்வளவு தூரம் குறைக்க முடியும் என்று பார்க்கத்தான் இந்த வார்டுக்கு வந்திருந்தாள்.

பழைய கட்டடத்தின் கோடியில் இருந்தது வார்டு. உயரமான கூரை, கம்பி வலை அடித்த ஜன்னல்கள். கட்டில்களுக்கு மேல் வெள்ளைக் கொசுவலைகள் தொங்கின. உள்ளே காலை வைத்ததுமே களிம்பு வாடையும் வாழை இலை வாடையும், அவற்றுக்கு அடியில் எவ்வளவு கழுவினாலும் போகாத கருகிய முடியின் வாடையும் வந்து மூக்கில் ஏறின. மின்விசிறிகள் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தன. யாரோ மெல்ல முனகிக்கொண்டிருந்தார்கள்.

வார்டுப் பொறுப்பில் இருந்த நர்ஸ் பாண்டிலட்சுமி ஒவ்வொரு கட்டிலாகக் காட்டிக்கொண்டு வந்தாள். ஜன்னலோரக் கடைசிக் கட்டிலுக்கு வந்ததும் அவள் குரல் தணிந்தது.

"தாயில்பட்டிப் பிள்ள மேடம். மாரிச்செல்வின்னு பேரு. இது அழவே செய்யாது."

கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்த வயசு. நெஞ்சும் வலது கையும் முதுகின் ஒரு பாதியும் வெந்திருந்தன. பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் அறையில் தாயும் மகளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தபோது வெடித்திருக்கிறது. தாய் சோலையம்மாள் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டாள். மகளுக்கு அது தெரியாது. அம்மா மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று தகப்பன் இருளாண்டி சொல்லி வைத்திருந்தார். இப்படி மறைப்பது இந்த வார்டில் புதிதில்லை. நோயாளி தேறி எழும்வரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அன்றைக்கே கற்பகவல்லி மாரிச்செல்வியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூச்சு விடும் முறையைச் சொல்லிக்கொடுத்தாள். பாண்டிலட்சுமி துணியை நனைத்து நனைத்துப் பிரித்தாள். ஒட்டியிருந்த இடத்தில் தோலோடு வந்தது. பக்கத்துக் கட்டில்காரி காதைப் பொத்திக்கொண்டாள்.

மாரிச்செல்வி சிரித்த முகமாகப் படுத்திருந்தாள். வலியே இல்லாவிட்டால் பூஜ்யம், தாங்கவே முடியாவிட்டால் பத்து, இப்போது எத்தனை என்று கற்பகவல்லி கேட்டாள்.

"பூஜ்யம், சிஸ்டர்."

சாயங்காலம் மதுரையில் இருந்த தன் வழிகாட்டிப் பேராசிரியைக்குப் போன் செய்து அதைச் சொன்னபோது கற்பகவல்லியின் குரலில் சந்தோஷம் இருந்தது. தன் முறை பலிக்கிறது என்றே அவள் நம்பினாள்.

அந்தச் சந்தோஷம் அந்த வாரத்துக்குள் கரைந்துபோனது.

மாரிச்செல்வியின் புண் ஆறவில்லை. சிவக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடந்தது. வார்டில் எல்லோரும் வியர்த்து வழிந்துகொண்டிருக்க, அவள் உடம்பு மட்டும் குளிர்ந்துகொண்டே வந்தது. கஞ்சியை வாயில் வைத்தால் விழுங்க மறந்துபோனாள். மருத்துவர் ரத்தத்தில் கிருமி ஏறியிருக்கலாம் என்று மருந்தை மாற்றினார். அதற்கும் உடம்பு அசையவில்லை.

கற்பகவல்லி ஒருநாள் வேகாத இடங்களைச் சோதித்துப் பார்த்தாள். பாதத்தில் ஊசி முனையால் தொட்டாள். தெரியவில்லை என்றாள் மாரிச்செல்வி. முழங்காலில் தொட்டாள். அங்கும் தெரியவில்லை. நல்ல தோலிலிருந்தும் உணர்வு போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்த இடது கையைக் கவனித்தாள்.

காயமே படாத கை. படுக்கையின் ஓரத்தில் ஒருக்களித்துக் கிடந்தது. விரல்கள் பாதி மடங்கியிருந்தன, எதையோ பற்றிக்கொண்டிருப்பதுபோல. புறங்கையில் தோல் நான்கு இடங்களில் குழிந்து வெளுத்திருந்தது. கற்பகவல்லி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குழிவுகள் சற்று நகர்ந்தன.

யாரோ பிடியை இறுக்கிக்கொண்டதுபோல.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இந்தப் பக்கம் அவள் வந்து உட்கார்வதற்காகக் கொசுவலை தூக்கிக் கட்டியிருந்தது. அந்தப் பக்கம் வலை தொங்கிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. ஆனாலும் வலை ஓரிடத்தில் உள்பக்கமாக அமுங்கியிருந்தது. தோள் ஒன்று சாய்ந்திருக்கும் அளவுக்கு.

மெத்தையின் ஓரமும் தாழ்ந்திருந்தது.

கந்தக வாடை வந்தது. இந்தப் பிள்ளையை எத்தனையோ தடவை கழுவித் துடைத்தாயிற்று. ஆனாலும் இப்போதுதான் கம்பெனி விட்டு வந்தவள் பக்கத்தில் உட்கார்ந்தாற்போல் வாடை புதிதாக வந்தது.

"மாரி," கற்பகவல்லியின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "உன் கையை யாரும் பிடிச்சிருக்காங்களா?"

"அம்மாதான்," என்றாள் மாரிச்செல்வி. "கட்டுப் பிரிக்கையில எல்லாம் வந்துரும். அது பிடிச்சா வலிக்காது சிஸ்டர்."

பாண்டிலட்சுமியின் கையில் இருந்த கிடுக்கி தட்டில் விழுந்தது.

"மதுரையில இருந்து எம்புட்டு தூரம், எதுக்கு அலையுதேன்னு கேட்டேன். கூட்டிட்டுப் போகத்தான் வந்துருக்காம். ரெண்டு பேரும் சேர்ந்தே போயிரலாம்னு சொல்லுச்சு."

கற்பகவல்லி அன்று கல்லூரிக்கும் வீட்டுக்கும் போகவில்லை. மருத்துவமனை வேப்பமரத்தடியில் இருளாண்டியைத் தேடிப் பிடித்தாள். கம்பெனிகளில் லோடு ஏற்றும் வேலை பார்த்தவர், மனைவியின் காரியத்தை முடித்துவிட்டு வந்ததிலிருந்து மரத்தடியிலேயே கிடந்தார். அவர் காதில் பேயென்றும் ஆவியென்றும் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. பிள்ளை சொன்னதை மட்டும் அப்படியே சொன்னாள்.

மாரி கைப்பிள்ளையாக இருந்தபோது காய்ச்சல் வந்தால் சோலையம்மாள் இப்படித்தான் கையைப் பிடித்துக்கொண்டே விடியவிடிய உட்கார்ந்திருப்பாள் என்றார் அவர். கருகிக் கிடந்தவளை மெட்டியைப் பார்த்துத்தான் தன்னால் அடையாளம் சொல்ல முடிந்தது என்றார்.

பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றாள் கற்பகவல்லி. அம்மா உயிரோடு இருப்பதாக நினைப்பதால்தான் அவள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள், கூப்பிடக் கூப்பிட அந்தத் தாயும் வந்துகொண்டே இருக்கிறாள். இருளாண்டி கைகூப்பினார்.

"சொன்னா எம்பிள்ளயும் போயிரும் தாயி."

"சொல்லாட்டியும் போயிருவா அண்ணே. இப்பவே பாதி போயிட்டா."

மறுநாள் கட்டு மாற்றும் நேரத்தில் இருளாண்டி உள்ளே வந்தார். கட்டிலின் காலடியில் நின்றுகொண்டு, தலைப்பாகைத் துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டார். மாரிச்செல்வியின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. இடது கை வழக்கம்போல் மடங்கியிருந்தது. வலை அமுங்கியிருந்தது. அவர் அந்த அமுங்கலைப் பார்த்தார். பார்த்த முகத்தில் பயம் இல்லை. வீட்டுக்கு வந்த ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"மாரி, உங்கம்மா மதுரையில இல்லத்தா," என்றார். "அன்னைக்கே நம்மள விட்டுட்டுப் போயிட்டா. நான்தான் கொள்ளி வச்சேன்."

மாரிச்செல்வி அவரைப் பார்த்தாள். பிறகு தலையை இடது பக்கம் திருப்பினாள்.

"அம்மா?" என்று கேட்டாள்.

மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. வேறு சத்தமே இல்லை. முனகிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்தியிருந்தார்கள்.

பிடி தளரவில்லை. இறுகியது. மாரிச்செல்வியின் விரல் நுனிகள் வெளுத்தன. அவள் மூச்சு இழுபடத் தொடங்கியது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போனது.

கற்பகவல்லி எழுந்து கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போனாள். வலைக்கு முன்னால் நின்று, மகளின் கைமேல் தன் கையை வைத்தாள்.

கையின் மேல் கை வைக்க முடியவில்லை. நடுவில் இன்னொன்று இருந்தது.

ஐஸ் போன்ற குளிர்ச்சி. சொரசொரப்பான, காய்ப்புக் காய்த்த விரல்கள். காலமெல்லாம் காகிதக் குழாய்களில் மருந்தைத் திணித்த விரல்கள். கற்பகவல்லிக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் அந்த விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்ததை அவள் உணர்ந்தாள். கட்டுப் பிரிக்கும் நேரத்தில் பக்கத்தில் நின்று பார்க்கும் ஒவ்வொரு தாயின் விரலும் அப்படித்தான் நடுங்கும். வார்டு நர்சாக இருந்த வருஷங்களில் அவர்களிடம் என்ன சொல்வாளோ அதுதான் அவள் வாயில் வந்தது.

"அம்மா, உங்களுக்குப் பாக்க முடியலன்னு தெரியுது. ஆனா வலிச்சாத்தான் இவ பொழைப்பா. நீங்க செத்த நேரம் வெளிய இருங்க. நான் பாத்துக்கிடுறேன். கட்டி முடிச்சதும் கூப்பிடுறேன்."

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு, சுண்டு விரலில் இருந்து ஒவ்வொரு விரலாகக் குளிர்ச்சி விலகியது.

மெத்தையின் ஓரம் மெல்ல மேலெழுந்தது. கொசுவலை நிமிர்ந்து தொங்கியது. கந்தக வாடை கட்டில் கட்டிலாகக் கடந்து போயிற்று. அது கடந்த இடத்தில் எல்லாம் நோயாளிகள் வாசல் பக்கம் தலையைத் திருப்பினார்கள். கதவுத் திரை ஒருமுறை ஒதுங்கி விழுந்தது.

மாரிச்செல்வி அலறினாள்.

வார்டே அதிர்ந்தது. உடம்பு வில்லாக வளைந்தது. அம்மா அம்மா என்று அவள் கத்தியது வலிக்கா, போனவளுக்கா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இருளாண்டி சுவரில் முட்டிக்கொண்டு அழுதார். பாண்டிலட்சுமி ஓடிப்போய் ஊசி மருந்தை எடுத்து வந்தாள். கற்பகவல்லி அந்தப் பெண்ணின் இடது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, மூச்சை விடு தாயி, மெதுவா விடு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் எண்ணைக் கேட்கவில்லை. மாரிச்செல்வியே சொன்னாள்.

"பத்து. பத்து, சிஸ்டர்."

அன்று சாயங்காலம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பில் சூடு ஏறியதைக் கண்டு பாண்டிலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாரிச்செல்வி பிழைத்தாள். தொடையில் இருந்து தோல் எடுத்து வைத்தார்கள், அது பிடித்தது. ஒவ்வொரு கட்டுக்கும் கத்தினாள், அழுதாள், அம்மாவைப் பற்றிப் பேசினாள். சில நாள் தன்னை அம்மாவோடு போகவிடாமல் ஏன் தடுத்தீர்கள் என்றுகூடக் கேட்டாள். கற்பகவல்லி அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். ஆடி மாதம் இருளாண்டி மகளை ஆட்டோவில் ஏற்றி ஊருக்குக் கூட்டிப்போனார். கழுத்தை முழுசாகத் திருப்ப முடியாத அந்தப் பெண் உடம்போடு சேர்ந்து திரும்பிக் கையசைத்தாள்.

ஆராய்ச்சியில் இந்தக் கட்டிலைப் பற்றி எழுத வழியில்லை. கற்பகவல்லி எழுதவுமில்லை. அடுத்த வருஷம் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு, வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருந்த நாட்களில், நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று ஒரு காலையில் வார்டுக்குப் போனாள். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. சீசன் வேகத்தில் புதிது புதிதாக ஆட்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். பாண்டிலட்சுமிக்கு உட்காரவும் நேரமில்லை. கற்பகவல்லி கைகழுவிவிட்டு அவளோடு சேர்ந்து கட்டு மாற்றத் தொடங்கினாள்.

புதிதாக வந்திருந்த ஒருவரின் மனைவி, வேலுத்தாய் என்று பெயர், வெளியே போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினாள். வந்தவள் கற்பகவல்லியின் பக்கத்தில் தயங்கி நின்றாள்.

"சிஸ்டர், வராந்தா பெஞ்சில ஒரு அக்கா உக்காந்துருக்காக. உங்களத்தான் கேட்டாக."

"யாரு?"

"தெரியலயே. கம்பெனி உடுப்போடயே இருக்காக. கட்டு முடிஞ்சிருச்சான்னு கேக்கச் சொன்னாக. முடிஞ்சதும் கூப்பிடுறேன்னு சொன்னீகளாமே."

கற்பகவல்லி கையில் இருந்த துணியை வைத்தாள்.

வராந்தாவுக்குப் போனபோது அங்கே யாரும் இல்லை. சுவரோரம் நீளமான மரபெஞ்சு காலியாகக் கிடந்தது. அதன்மேல் வெயில் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் போனதும் அவளுடைய கை மயிர்கள் சிலிர்த்தன. கந்தக வாடை மிக லேசாக இருந்தது.

முடிந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தாள். உங்க மக தேறி வீட்டுக்குப் போயிட்டா, ஆள் நடமாடுறா என்று சொல்ல வேண்டும். இத்தனை மாதமாகக் காத்திருப்பவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

சொன்னால் யாரைத் தேடிப் போவாள் என்று அவளுக்குத் தெரியும்.

பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்ற அதே வாயால், அந்தக் காலிப் பெஞ்சைப் பார்த்துச் சொன்னாள்:

"இன்னும் முடியலம்மா. இன்னுங் கொஞ்ச நேரம் இருங்க."

ஆவலோடு எழுந்தவள் மறுபடியும் உட்கார்ந்ததுபோல், பெஞ்சின் பலகை மெல்லக் கிரீச்சிட்டு அடங்கியது.