எண்ணத் தெரியாத பறவைகள்

இரண்டாம் நாள் காலையில் பறவைகள் இறங்கவில்லை.

ஹில்டா மணல் திட்டின் மேல், கூடார வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே சேற்று வெளியின் நடுவில், பனையோலைத் தட்டிகளால் கட்டிய மறைப்பு தனியாக நின்றது. கணவர் தாமஸை அதற்குள் உட்காரவைத்துவிட்டு அவள் திரும்பி வந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. முந்தின நாள் அவள் பாதி தூரம் வருவதற்குள்ளாகவே உள்ளான்களும் கொக்குகளும் மறைப்பைச் சுற்றி இறங்கி, தட்டியை உரசிக்கொண்டு மேய ஆரம்பித்திருந்தன. இன்று எல்லாம் ஐம்பது கஜம் தள்ளி ஒரு வளையமாக நின்றன. ஒன்றுகூட மேயவில்லை. கழுத்தை நீட்டி மறைப்பையே பார்த்துக்கொண்டிருந்தன.

பறவைகளை ஏமாற்றும் இந்தத் தந்திரத்தைச் சொல்லிக்கொடுத்தவர் பக்ருதீன் பாய். ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரைமாரை வாத்து சுட அழைத்துப் போனவர். துரைமார் கப்பலேறிப் பல வருஷம் கழித்து, மூர் மார்க்கெட்டில் இரண்டு பழைய ராணுவக் கூடாரங்களை வாங்கி, எண்ணூர்க் கழிமுகத்தின் வடகரையில் உப்பளங்களுக்கு அப்பால் அடித்து, பறவை பார்க்க வருகிறவர்களுக்கு விட்டுக்கொண்டிருந்தார்.

"பட்சிக்கு எண்ணத் தெரியாது சார்," என்றார் முதல் நாள். "ரெண்டு பேரா உள்ள போங்க. ஒர்த்தர் மட்டும் வெளிய வாங்க. ஆளு போய்ட்டான்னு நென்ச்சுக்கும். அப்பறம் உங்க மூக்கு மேல வந்து குந்தும்."

"எங்க பார்சல் ஆபீஸ்லயும் இதே கதைதான் பாய்," என்றார் தாமஸ். "ரெண்டு பேரு உள்ள போவாங்க, ஒர்த்தன் டீ குடிக்க நழுவிடுவான். மேஸ்திரிக்கும் எண்ணத் தெரியாது." சிரித்தவர் சிரிப்பு முடிவதற்குள் இருமத் தொடங்கினார். ஹில்டா வேறு பக்கம் பார்த்தபடி அந்த இருமலை எண்ணினாள். ஐந்து.

தாம்பரம் சானடோரியத்தில் பதினோரு மாதம் நெஞ்சு வியாதியோடு படுத்திருந்து எழுந்து வந்த மனிதர். வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. ஈரத்தில் நிற்கக் கூடாது, பனி படக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். படுக்கையில் கிடந்த நாளெல்லாம் அவர் ஒரே ஒரு புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தார். பனிப் பிரதேசத்திலிருந்து இந்தக் கரைக்கு எப்போதாவது வந்து சேரும், கரண்டி போல மூக்குள்ள ஒரு சின்ன உள்ளானின் படம் அதில் இருந்தது. அதை ஒரு தரம் கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்றார். பிழைத்து வந்தவர் கேட்ட முதல் ஆசை. ஹில்டாவால் மறுக்க முடியவில்லை. நாலு நாள் என்று ஒத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை அவரைக் காய்ச்சல் இல்லாமல் ராயபுரத்து வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

ஆனால் இந்தச் சேறு. கறுப்பும் பச்சையும் கலந்து, வெயில் ஏற ஏற மேலே ஒரு தோல் கட்டி, அந்தத் தோலைக் கிழித்துக்கொண்டு சின்னச் சின்னக் கொப்புளங்கள் வெடித்து, வெடித்த ஒவ்வொன்றிலிருந்தும் அழுகிய முட்டையின் மூச்சை விடும் சேறு. கணுக்காலுக்கு மேல் ஏறும். காலை இழுத்தால் விடாமல் உறிஞ்சும். உறிஞ்சும்போது ஒரு சத்தம் வரும், வாயில் எதையோ போட்டுச் சப்புகிற சத்தம். முதல் நாள் நாலு குடம் நல்ல தண்ணீரில் கழுவியும் அவள் நகக்கண்ணிலிருந்து அது போகவில்லை. இரவு சோற்றைப் பிசைந்தபோது விரல் நுனியிலிருந்து கறுப்பாக ஒரு கோடு சோற்றில் இறங்கியது. அவள் இலையை மடித்துவிட்டாள்.

நெட்டுக்குப்பத்திலிருந்து தோணியில் சோறு கொண்டு வந்து கொடுத்துவிட்டு மத்தியானமே திரும்பிப் போய்விடும் சொக்கம்மாளுக்கு இதெல்லாம் ஒரே வேடிக்கை.

"இன்னாம்மா, ராத்திரி சோத்த துன்னாமயே வச்சுட்ட? சேத்து வாடையா? வூட்ல ஃபேன் காத்துல குந்தாம இங்க வந்து குந்திகினா வாடை வராம பூ வாசமா வரும்? எங்கூட்டுக் கூரை மேல ஒரு காக்கா கீது. ஒண்ணரைக் கண்ணு வேற. அத பாத்தா ஆவாதா உன் வூட்டுக்காரருக்கு?"

ஹில்டா சிரித்தாள். அந்த மூன்று நாளில் அவள் சிரித்தது அப்போதுதான்.

இரண்டாம் நாள் பதினோரு மணி வரைக்கும் வளையம் கலையவில்லை. பக்ருதீன் பாய் பீடியை அணைத்துவிட்டு, "வாம்மா, இன்னா பேஜாருன்னு பாத்துட்டு வந்துடலாம்," என்று முன்னால் நடந்தார்.

மறைப்புக்குள் இருட்டாகவும் புழுக்கமாகவும் இருந்தது. தாமஸ் முக்காலியில் உட்கார்ந்து, கண்ணுக்கு நேரே தட்டியில் வெட்டிய துவாரத்தில் தூரக்கண்ணாடியை வைத்திருந்தார். முக்காலிக்குப் பக்கத்தில், நேற்று தட்டையாக இருந்த சேற்றில், ஒரு குழிவு விழுந்திருந்தது. ஓர் ஆள் குந்தினால் எவ்வளவு இடம் அழுந்துமோ அவ்வளவு. அதன் நடுவில் கொப்புளங்கள் வந்து வெடித்துக்கொண்டிருந்தன. ஹில்டா தெரியாமல் அதில் கால் வைத்துவிட்டாள். சுற்றியிருந்த சேறெல்லாம் ஜில்லென்று இருக்க, அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. யாருடைய வாய்க்குள்ளோ காலை விட்டது போல. சட்டென்று உருவிக்கொண்டாள்.

"இன்னா நாத்தம் இது," என்றாள். "எப்டி குந்திகினு கீறீங்க இதுல?"

"நாத்தம் பழகிப் போச்சு," என்றார் தாமஸ் துண்டை வாயில் பொத்திக்கொண்டு. இருமினார். "ஒண்ணு மட்டும்தான் புரியல. நான் இரும்புனா, கொஞ்சம் கழிச்சு பக்கத்துலயே யாரோ இரும்புற மாதிரி கீது. எதிரொலி போல."

ஹில்டா தட்டியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்த ஓலை. இந்தப் பக்கம் வெறும் வெட்டவெளி, அந்தப் பக்கம் தண்ணீர். சத்தம் மோதித் திரும்பி வர எதுவுமே இல்லை.

திரும்பி வரும்போது பக்ருதீன் பாய் பறவைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தார். "நம்ம போறதுக்கு மின்னாடியே ஒர்த்தன் உள்ள போனத பாத்துகீதுங்கம்மா," என்றார். "அவன் இன்னும் வெளிய வர்ல. அதான் உள்ள ஆள் கீதுன்னு நிக்குதுங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். பாதியில் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பீடிக்கட்டைத் தேடினார்.

அன்று இரவு தாமஸ் தூக்கத்தில் இருமிய ஒவ்வொரு முறையும் ஹில்டா மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். கூடாரத்துக்குள் வேறு எந்தச் சத்தமும் வரவில்லை. தெற்கே புதிதாக எழும்பிக்கொண்டிருந்த மின் நிலையத்தின் புகைபோக்கி உச்சியில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அதைப் பார்த்தபடி, விடிந்ததும் கிளம்பிவிடலாம் என்று முடிவு செய்தாள்.

விடிந்ததும் அவரிடம் சொன்னாள். தாமஸ் சண்டை போடவில்லை. அவள் கையில் சூடான டம்ளரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னிக்கு ஒரு நாள் வுடு, ஹில்டா. வந்தாலும் சரி, வராட்டியும் சரி. சாயங்காலம் நீயே வந்து இட்டுகினு போ. அப்டியே தோணில ஏறிடலாம்."

நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. சரி என்றாள். அந்தச் சரியைத்தான் அன்று முழுவதும் அவள் தன் காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பக்ருதீன் பாயின் யோசனைப்படி மூன்று பேராக உள்ளே போனார்கள். இரண்டு பேராக வெளியே வந்தார்கள். பாய் தோணி பேசிவரக் குப்பத்துக்குப் போய்விட்டார். சொக்கம்மாள் மத்தியானம் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள். திட்டின் மேல் ஹில்டா தனியாக இருந்தாள்.

பறவைகள் இறங்கவில்லை. பத்து மணிக்கும், ஒரு மணிக்கும், மூன்று மணிக்கும் அதே வளையம். காற்று விழுந்துவிட்டது. நாற்றம் திட்டின் மேல் ஏறி, துணிகளுக்குள் புகுந்து, அவள் குடித்த தண்ணீருக்குள்ளும் வந்து உட்கார்ந்தது. இரண்டு தரம் அவள் காதில் இருமல் விழுந்தது. முதலில் ஒன்று. பிறகு, சற்று நேரம் விட்டு, அதே போல் இன்னொன்று. இரண்டாவது இருமக் கற்றுத் தேறிக்கொண்டு வருவதாக அவளுக்குத் தோன்றியது.

ஐந்து மணிக்குக் கழிமுகத்தில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். சேற்றின் மேல் விரலளவு தண்ணீர் படர்ந்து, அதற்குள் புழுக்கள் நூல் நூலாகத் தலை நீட்டி ஆடிக்கொண்டிருந்தன. மிதித்த இடமெல்லாம் நெளிந்தது. வாயை இறுக மூடிக்கொண்டு நடந்தாள்.

மறைப்புக்கு இருபதடி இருக்கும்போதே, "ஏங்க," என்று கூப்பிட்டாள். "தண்ணி ஏறுது. வாங்க."

தட்டியைத் தள்ளிக்கொண்டு தாமஸ் வந்தார். இடுப்பு வரைக்கும் சேறு அப்பியிருந்தது. நிம்மதியில் அவள் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியிடத்தில் அவர் கை பிடித்து நடந்ததில்லை. அவள் கூச்சத்தோடு, இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். நடந்தார்கள்.

"வந்துச்சா?"

"இல்ல."

"தூரக்கண்ணாடி எங்க?"

"உள்ள கீது."

"எடுத்துகினு வர்லியா?"

"உள்ள கீது," என்றார் அதே குரலில்.

போகட்டும், பாய் எடுத்து வருவார் என்று நினைத்தாள். சேற்றில் நூறு கஜம் நடந்தாகிவிட்டது. எப்போதும் இந்தத் தூரத்துக்கு அவர் இரண்டு தரமாவது நின்று நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

"இன்னிக்கு இருமல் இல்லியே," என்றாள் சந்தோஷமாக.

அவர் நின்றார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு இருமினார். ஐந்து முறை. ஒரே அளவில், ஒரே இடைவெளியில். நெஞ்சு அசையவில்லை. வாய் மட்டும் திறந்து மூடியது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் கறுப்பாக ஏதோ இருந்தது. அது நெளிந்து உள்ளே இழுத்துக்கொண்டது.

அவர் கை வெதுவெதுப்பாக இருந்தது. அந்த வெதுவெதுப்பை அவள் கால் அறிந்திருந்தது.

ஹில்டா திரும்பிப் பார்த்தாள்.

இரண்டு பேர் வெளியேறிப் போவதைப் பறவைகள் பார்த்தன. சேற்று வெளியில் மறைப்பு தனியாக நிற்கிறது. ஆளில்லாத மறைப்பு. முதல் நாள் சாயங்காலம் அவர்கள் கிளம்பியதும் நூற்றுக்கணக்கில் வந்து இறங்கிய இடம்.

ஒன்றும் இறங்கவில்லை. ஐம்பது கஜம் தள்ளி, வளையமாக நின்றன. கழுத்தை நீட்டி. அதையே பார்த்துக்கொண்டு.

உள்ளே ஆள் இருக்கிறது.

கையை உதறினாள். வரவில்லை. பிடி இறுகவில்லை. அவள் விரல்கள்தான் அவர் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. முதல் கணு. இரண்டாம் கணு. இழுத்தாள். சப்புகிற அந்தச் சத்தம்.

கல்யாணமான பதினொரு வருஷத்தில் அவள் கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மறைப்பைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"தாமஸ்."

"இன்னா?" என்றது பக்கத்திலிருந்து.

தூரத்தில் தட்டி ஒரு முறை அசைந்தது. கீழேயிருந்து யாரோ பிடித்து எழ முயன்றது போல் உள்பக்கமாக இழுபட்டது. ஓலை கிழிந்தது. பறவைகள் எல்லாம் ஒரே சமயத்தில் ஓரடி பின்வாங்கின.

"தாமஸ். தாமஸ்."

"இன்னா. இன்னா."

அவள் மறைப்பை நோக்கி ஓரடி வைத்தாள். பக்கத்தில் இருந்தது அசையவில்லை. மணிக்கட்டு வரைக்கும் அவள் கை உள்ளே போய்விட்டிருந்தது. உள்ளே சின்னச் சின்னதாக, நூல் நூலாக, எவையோ அவள் விரல்களைச் சுற்றின. கால் சேற்றில் புதையப் புதைய, தண்ணீர் அவள் முழங்காலைத் தொட்டது.

தட்டி மறுபடி அசைந்தது. மெதுவாக.

பிறகு அசையவில்லை.

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். வெகு நேரம்.

வளையத்திலிருந்து ஓர் உள்ளான் எட்டு வைத்தது. நின்றது. இன்னும் ஒரு எட்டு. அதன் பின்னால் இரண்டு. பிறகு பத்து. பிறகு எல்லாம், சிறகடிக்காமல், அவசரமில்லாமல், தண்ணீரில் நடந்து, மறைப்பை நெருங்கின. சில கூரை மேல் ஏறின. சில கிழிந்த ஓலை வழியாக உள்ளே நுழைந்தன. எதற்கும் பயமில்லை.

உயரமான ஒரு சாம்பல் நாரை துவாரத்துக்கு எதிரே வந்து நின்றது. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் உள்ளே பார்த்தது. கழுத்தை நீளமாக உள்ளே விட்டது. எதையோ பிடித்து இழுத்தது. வரவில்லை. காலை அகட்டி ஊன்றிக்கொண்டு மறுபடி இழுத்தது. வந்தது. தலையை அண்ணாந்து விழுங்கியது. அந்த மெல்லிய கழுத்தில் ஒரு முடிச்சு மெதுவாக, மெதுவாகக் கீழே இறங்கியது. இறங்கி முடிந்ததும் நாரை மறுபடி துவாரத்துக்குள் குனிந்தது.