மிச்சமான இரண்டு ஒயர்கள்

பூட்டின் சாவித் துவாரத்துக்குள் யாரோ மெழுகை உருக்கி ஊற்றியிருந்தார்கள். தெர்மோஸ்டாட் என்பது சுவரில் மாட்டும் ஒரு சின்னப் பெட்டி. வீட்டுக்கு எத்தனை டிகிரி சூடு வேண்டும் என்று கீழறை ஹீட்டருக்குச் சொல்வதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. அதற்குப் போய் ஒரு பிளாஸ்டிக் கூண்டு, கூண்டுக்கு ஒரு பூட்டு, பூட்டுக்குள் மெழுகு. உள்ளே முள் பத்து டிகிரியில் நின்றது. பத்து டிகிரியில் பால் கெடாமல் இருக்கும், மனுஷன் இருக்க முடியுமா என்று முணுமுணுத்தபடி அக்கா ஸ்குரூ டிரைவரைக் கூண்டின் இடுக்கில் கொடுத்து நெம்பினாள்.

ஊரில் எல்லோருக்கும் அவள் அக்காதான். தையல் மெஷின் ரிப்பேர் கடை வைத்து இருபத்திரண்டு வருஷம். உண்மையில் அக்கா என்று கூப்பிடும் உரிமை ஒருத்திக்குத்தான் உண்டு, அந்தத் தங்கைக்காகத்தான் இந்தப் பாடெல்லாம். தங்கையின் குழந்தை ஏழு வாரம் முன்னதாகப் பிறந்து, நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. பாதத்தில் ஒட்டிய மெல்லிய ஒயர் அதன் உடம்புச் சூட்டை எடுத்து மேலே ஒரு திரையில் காட்டும். முப்பத்தாறு புள்ளி ஏழு, எட்டு, மறுபடி ஏழு. அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே அக்கா நாற்பது நாள் சோற்றை மறந்திருந்தாள். இன்று மாலை ஆறு மணிக்குக் குழந்தை முதல்முறையாக வீட்டுக்கு வருகிறது. அறை இருபத்துநாலு டிகிரிக்குக் குறையவே கூடாது, குறைந்தால் குழந்தை தாங்காது என்று நர்ஸ் மூன்று தடவை சொல்லி அனுப்பியிருந்தார்.

தங்கையின் கணவர் கப்பலில் வேலையில் இருந்தார், திரும்பி வர இரண்டு மாதம் ஆகும். வாடகைக்கு இந்த வீட்டைப் பிடித்தது, தொட்டில் வாங்கிப் பொருத்தியது, திரை தைத்தது எல்லாம் அக்காதான். வெளியே காலையிலிருந்து பனி விழுந்துகொண்டிருந்தது. மணி மூன்று. வீட்டுக்குள் பதினொரு டிகிரி.

எலக்ட்ரீஷியன் மூன்று நாளாக "இதோ கிளம்பிட்டேன்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். எங்கிருந்து கிளம்பினானோ, நடந்தே வந்தாலும் இதற்குள் இரண்டு ஊர் தாண்டியிருக்கலாம். கடைசியில் அவளே புதுப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். தையல் மெஷின் மோட்டாருக்கு ஒயர் கொடுக்கிற கைக்கு இது என்ன பெரிய வித்தை?

கூண்டு உடைந்தது. கூடவே சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் காரையும் உதிர்ந்தது. கிணறு வெட்ட பூதம் கிளம்பின கதையாக, புதுப் பெட்டியின் திருகு ஓட்டைகளுக்கும் பழைய ஓட்டைகளுக்கும் சம்பந்தமே இல்லை. புதிதாகத் துளை போட்டால் திருகு பிடிக்காமல் சுற்றியது. விளக்கப் புத்தகத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. அக்காவுக்குக் காது வரை சூடு ஏறியது, வீட்டில் சூடாக இருந்தது அது ஒன்றுதான்.

மெயின் போர்டில் ஹீட்டரின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் பழைய பெட்டியைக் கழற்றியிருந்தாள். அதன் பின்னால் நான்கு ஒயர், சிவப்பு, வெள்ளை, பச்சை, நீலம். ஒவ்வொன்றிலும் காகித டேப் ஒட்டி பழைய பெட்டியில் எந்த எழுத்து போட்ட முனையில் இருந்தது என்று எழுதினாள். அதுவரை சரி. நான்கு ஒயருக்கும் பின்னால் சுவர் ஓட்டையை ஒரு கம்பளித் துணி அடைத்திருந்தது. இழுத்தாள். துணி வந்தது, வந்துகொண்டே இருந்தது, முழு நீளக் கழுத்துத் துண்டு ஒன்று. அதன் பின்னால், டேப்பை டேப்பின் மேல் சுற்றி மடக்கிச் செருகியபடி, இரண்டு மெல்லிய பழுப்பு ஒயர்கள். ஓட்டையிலிருந்து வந்த காற்று, ரொம்ப நாள் கழுவாத குளிர்பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த வாடையோடு இருந்தது.

போனை எடுத்தாள். எலக்ட்ரீஷியன் பின்னால் லாரி ஓடும் சத்தத்தோடு பேசினான்.

"நாலு ஒயர் மாட்டினா போதும்கா. அந்த ரெண்ட அப்படியே உள்ள தள்ளிடுங்க."

"எங்க போகுது அது?"

"பழைய வீடு, எங்கயாவது போகும். முன்ன இருந்த பெரியவர் ஒரு மாதிரி. பத்துக்கு மேல ஏத்தினா சண்டைக்கு வருவார். ஒரு தடவ நான் இருபது வெச்சுட்டு வந்துட்டேன். அன்னைக்கே கூப்பிட்டு இறக்க வெச்சார்."

"ஏனாம்?"

"தூங்கட்டும்னார். யாருன்னு கேட்டேன், பதில் சொல்லல. ஆனா வீட்டுல தனியாத்தான் இருந்தார்."

"கதைய விடு. நீ வர்றியா இல்லையா?"

"அஞ்சு மணிக்கெல்லாம் அங்க நிப்பேன்கா."

அக்கா போனை அணைத்தாள். எந்த நாள் ஐந்து மணி என்று அவன் சொல்லவில்லை.

ஓட்டையில் தீக்குச்சி செருகித் திருகை நிறுத்தி, நான்கு ஒயரையும் மாட்டியாயிற்று. இரண்டு மிச்சம். இங்கேதான் அக்காவின் தொழில் அவள் கையைப் பிடித்தது. மெஷினைப் பிரித்து மாட்டிய பின் மேஜையில் ஒரு திருகு மிச்சமிருந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம், இது அவள் கடையின் சட்டம். ஒரே ஒரு வாஷர் மிச்சமானதற்காக, டெலிவரி கொடுத்த மெஷினை வாடிக்கைக்காரி வீட்டிலிருந்து பிடுங்கி வந்து மறுபடி பிரித்தவள் அவள். புதுப் பெட்டியில் பார்த்தால் ஓரமாக இரண்டு முனைகள் காலியாக இருந்தன. வெளி சென்சார் இருந்தால் இங்கே இணைக்கவும் என்று எறும்பு எழுத்து சொன்னது. வேறு ஏதோ இடத்தின் சூட்டை அளக்கிற ஒயர், அவ்வளவுதானே? அதை ஏன் பயந்தாங்கொள்ளி மாதிரி சுருட்டி வைக்க வேண்டும்? டேப்பைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள். ஒன்பது சுற்று. முனைகளைச் சீவி, மாட்டி, திருகை இறுக்கி, போர்டில் சுவிட்சைப் போட்டாள்.

திரை நீலமாக விழித்தது. மேல் வரியில் அறை, பதினொன்று. கீழ் வரியில் சென்சார், ஒன்பது. இருபத்துநாலு வைத்தாள். கீழறையில் ஹீட்டர் ஒரு தடவை கனைத்துவிட்டு ஓட ஆரம்பித்தது. மூன்று நாளுக்குப் பிறகு முதல்தடவையாக அக்கா சிரித்தாள்.

நாலரைக்கெல்லாம் ஜன்னல் கறுத்துவிட்டது. அவள் தொட்டில் விரிப்பை உதறிப் போட்டு, பால் புட்டிகளைக் கொதிநீரில் அலசி வரிசையாகக் கவிழ்த்துவிட்டு, கையைத் துடைத்தபடி கூடத்துக்கு வந்து திரையைப் பார்த்தாள். அறை பதினைந்து. சென்சார் இருபத்தேழு.

ஏறட்டும் என்று காத்திருந்தாள். சூட்டுக் காற்று வரும் தரையோரக் கிரில்லின் முன் உட்கார்ந்து கையை நீட்டினாள். வெதுவெதுப்பான காற்று வரத்தான் செய்தது, ஆனால் ஒரு மூச்சு வந்து நின்றது, பிறகு கையைத் தடவிக்கொண்டு உள்ளே போனது, மறுபடி வந்தது, வரும்போது அந்தக் குளிர்பெட்டி வாடை போய் ஈரக் கம்பளியும் திரிந்த பாலும் கலந்த வேறு வாடை இருந்தது. சுவருக்குள் எங்கோ, பனிக்கட்டித் தட்டை முறுக்கும்போது கேட்குமே, அப்படி மெல்ல மெல்லச் சடசடத்தது. குழாய் சூடேறும் சத்தம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். சத்தம் கூடத்துச் சுவரில் தொடங்கி, மேலே போய், தொட்டில் இருந்த சின்ன அறைப் பக்கமாக நகர்ந்தது. குழாய் நகருமா என்ன?

ஐந்தே காலுக்கு அறை பதினைந்திலேயே நின்றது. எரிச்சலில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு எரிவாயுவையும் எரித்து எந்தச் சுவருக்குச் சூடு போகிறது? சென்சாரைப் பார்த்தாள். முப்பத்து நான்கு. முப்பத்தைந்து. முப்பத்தாறு. அதற்குப் பிறகு முழு எண் ஏறவில்லை, புள்ளிதான் அசைந்தது.

முப்பத்தாறு புள்ளி ஏழு.

எட்டு.

மறுபடி ஏழு.

இந்த எண்ணை அவளுக்குத் தெரியும். நாற்பது நாள் பார்த்த எண்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டாள். "சென்சார் முப்பத்தாறே முக்கால்ல நிக்குதுப்பா."

"சூட்டுக் குழாய்ல இருந்தா அம்பது காட்டணுமே. குளிர்ல இருந்தா பத்து. முப்பத்தாறா? அதுலயே நிக்குதா?" லாரிச் சத்தம் நின்றது. அவன் வண்டியை ஓரம் கட்டியிருந்தான். "அக்கா, அந்த ரெண்டையும் நீங்க மாட்டினீங்களா?"

அவள் ஸ்குரூ டிரைவரைத் தேடி எடுத்தாள்.

"கழட்டிருங்க. கழட்டிட்டு ஹீட்டர அணைச்சிருங்க. நான் வர்றேன், நெஜமாவே வர்றேன்."

திருகைத் தளர்த்தினாள். ஸ்குரூ டிரைவர் இரண்டு தடவை வழுக்கியது. பழுப்பு ஒயர் இரண்டும் கழன்று விழுந்தன. கீழ் வரி வெறுமையாகியிருக்க வேண்டும்.

முப்பத்தாறு புள்ளி எட்டு.

கோபம் வந்தது. பயத்தைவிடக் கோபம் அவளுக்குப் பழக்கம். ஒயரைப் பிடித்து இழுத்தாள். எங்கே போகிறதோ அங்கிருந்து அறுந்து வரட்டும். ஒரு முழம் சுலபமாக வந்தது. இரண்டு முழம். பிறகு எதிலோ மாட்டியது போல நின்றது. இன்னும் பலமாக இழுத்தாள்.

உள்ளேயிருந்து யாரோ இழுத்தார்கள்.

வெடுக்கென்று இல்லை. நிதானமாக. ஒரு பிடி, ஒரு நிறுத்தம், அடுத்த பிடி. கிணற்றில் வாளியைச் சேந்துகிற மாதிரி. ஒயர் அவள் விரலை அறுத்துக்கொண்டு ஓட்டைக்குள் போனது. கடைசியாக, அவள் சீவிய இரண்டு செப்பு முனைகளும் போயின. ஓட்டையிலிருந்து வெதுவெதுப்பான மூச்சு அவள் முகத்தில் பட்டது. நின்றது. உள்ளே இழுத்தது.

ஓடிப்போய் மெயின் போர்டில் எல்லாச் சுவிட்சையும் ஒரேயடியாக அணைத்தாள். வீடு இருண்டது. ஹீட்டர் நின்றது. கூடத்தில் மட்டும் நீல வெளிச்சம் போகவில்லை. அறை பதினெட்டு என்றது. இருபது. இருபத்திரண்டு.

தங்கையைத் தடுக்க வேண்டும். போனைத் தேடி இருட்டில் தடவினாள். சமையலறை மேடை. ஜன்னல் விளிம்பு. கிடைக்கவில்லை. கூடத்தில் வைத்தோமா? கூடத்துக்குப் போகக் கால் வரவில்லை.

வாசல் கதவு திறக்கும் சத்தம். அவளே கொடுத்த சாவி.

"அக்கா? ஏன் லைட்டே இல்ல?" தங்கை காலணியிலிருந்து பனியைத் தட்டினாள். "அப்பாடா. வெளிய முகமே மரத்துப் போச்சு. உள்ள எவ்ளோ கதகதப்பா இருக்கு."

"குட்டி, உள்ள வராத. பாப்பாவத் தூக்கிட்டு வெளிய போ."

"இந்தப் பனியிலயா? டாக்சி போயாச்சுக்கா. பாப்பாவ வெளிய நிறுத்தினா ரெண்டு நிமிஷம் தாங்காது."

அது உண்மைதான். அந்த உண்மை அக்காவின் வாயை அடைத்தது. வெளியே குளிர், உள்ளே இது. எது என்று யோசிக்க எடுத்துக்கொண்டது சில நொடிதான். அதற்குள் தங்கை போன் வெளிச்சத்தில் வழி பார்த்துச் சின்ன அறைக்குள் போய்விட்டாள். வெறுங்கையோடு திரும்பி வந்தாள். முகத்தில் நாற்பது நாள் களைப்பும் இறங்கிய நிம்மதி.

"சுவர் ஓரமாப் படுக்க வெச்சிருக்கேன். அந்தப் பக்கம்தான் நல்ல சூடு. என்னக்கா, கையில ரத்தம்?"

அக்காவின் கண் கூடத்துத் திரையில் இருந்தது. அறை, இருபத்துநாலு. அவள் கேட்ட அதே இருபத்துநாலு. கீழ் வரி ஒரு கணம் வெறுமையானது. பிறகு எண் வந்தது.

முப்பத்தாறு புள்ளி நான்கு.

முப்பத்தாறு.

அவள் ஓடினாள்.

தொட்டிலில் குழந்தை அழாமல் கிடந்தது. கண் திறந்திருந்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. தொட்டிலுக்கு மேல் சுவரில் இருந்த கிரில்லிலிருந்து இரண்டு மெல்லிய பழுப்பு ஒயர்கள் இறங்கியிருந்தன. போர்வைக்குள் போயிருந்தன. அக்கா போர்வையை விலக்கினாள். குழந்தையின் பாதத்தில், ஆஸ்பத்திரியில் ஒட்டியிருந்த அதே இடத்தில், ஒயர் சுற்றியிருந்தது. சுற்றுக்கு மேல் சுற்று. ஒன்பது சுற்று. பாதத்தைத் தொட்டாள். பனி.

சுவரில் கை வைத்தாள். கொதித்தது.

கூடத்திலிருந்து தங்கை எட்டிப் பார்த்துச் சொன்னாள். "அக்கா, இந்தப் பெட்டியில ஏதோ நம்பர் இறங்கிட்டே இருக்கு. முப்பத்தி மூணு. முப்பத்தி ரெண்டு. இது என்ன நம்பர்?"

அக்காவின் உள்ளங்கைக்கு அடியில் சுவர் மெல்ல மேலெழுந்து, மூச்சை இழுத்துக்கொண்டு, நின்றது.