அக்காவின் பச்சைப் பெட்டி

கோலா சிலாங்கூரில் என் நாத்தனார் மகளுக்குப் பரிசம். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு கிளம்பி, நாலு மணிக்கெல்லாம் உலு யாமில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம். காரை விட்டு இறங்கும்போது எனக்கு இருந்த ஒரே கவலை பட்டுச்சேலையில் கொட்டிய சாம்பார்தான். என் மகள் விஷாலினி முதலில் ஓடினாள். பதினொரு வயது, எதற்கும் ஓட்டம்தான். வாசலில் போய் நின்றவள் திரும்பிப் பார்த்தாள்.

"மா, கிரில் கதவுப் பூட்டு காணோம்."

பூட்டு செருப்புகளுக்கு நடுவே வெட்டுப்பட்டுக் கிடந்தது.

என் கணவர் சிவநேசன் எங்களை வெளியே நிறுத்திவிட்டு, காரிலிருந்த குடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திருடன் உள்ளே இருந்திருந்தால் அந்தக் குடையைப் பார்த்துச் சிரித்திருப்பான். அவர் கூப்பிடும்வரை எனக்குப் பொறுமை இல்லை, பின்னாலேயே நுழைந்துவிட்டேன். டிவி இல்லை. லேப்டாப் இல்லை. அலமாரியில் என் கல்யாண நகை இருந்த டப்பா இல்லை. எல்லாவற்றையும் பார்த்தும் பார்க்காமல் நேராகச் சாமி மேடைக்குப் போனேன்.

விளக்கு இருந்தது. படங்கள் இருந்தன. மேடைக்குக் கீழே தூசி படியாத ஒரு சதுரம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

அக்காவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அக்கா பெயர் தனேஸ்வரி. எண்பத்தைந்தாம் வருடம், எனக்கு ஆறு வயது. ரப்பர் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அக்காவுக்கு மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் தோட்டத்து லோரியில் ஏற்றி கோலா குபு பாரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பாதி வழியில், அம்பாங் பெச்சா வரைக்கும்தான் மூச்சு இருந்தது. பதினொரு வயது. வயதுக்கு வராமல் போன பெண் கன்னியாக வீட்டோடு இருந்து காப்பாள் என்பது எங்கள் வழக்கம். அவளுக்கென்று அம்மா ஒரு பச்சைத் தகரப் பெட்டி வைத்தார். அதில் ஒரு பாவாடை சட்டை, கண்ணாடி வளையல், சிவப்பு ரிப்பன். அம்மாவுக்குப் பிறகு பெட்டி என்னிடம் வந்தது.

ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் அதைத் திறப்போம். பழைய பாவாடையை விரித்து, புதியதை அதன்மேல் வைத்து அளவு பார்த்து, புதியதை உள்ளே வைத்துவிட்டுப் பழையதை ஆற்றில் விடுவோம். புதியதை யாரும் உடுத்திப் பார்க்கக் கூடாது. முதலில் எந்த உடம்பில் படுகிறதோ அந்த உடம்போடு துணி ஒட்டிக்கொள்ளும் என்று அம்மா சொல்வார். அளவு பார்க்கும்போது என் மகளைக்கூட அந்தத் துணிப் பக்கம் விட்டதில்லை.

போலீஸ் நிலையத்தில் போன பொருளை எல்லாம் எழுதிக்கொண்டார்கள். பெட்டியில் என்ன இருந்தது என்று கேட்ட போலீஸ்காரரிடம் சொன்னேன். 'பாஜு லாமா' என்று எழுதினார். பழைய துணியாம். தப்பும் இல்லைதான். நகை போனதற்கு நான் அழவில்லை, அந்த இரண்டு சொல்லைப் பார்த்துத்தான் அழுதேன். அக்காவின் போட்டோ ஒன்றுகூட எங்களிடம் கிடையாது. அவள் இந்த உலகத்தில் இருந்தாள் என்பதற்கு அந்தப் பெட்டிதான் மிச்சம்.

ஐயாவு அண்ணன் எங்கள் மாரியம்மன் கோயில் பூசாரி. அவருக்குப் போன் போட்டேன்.

"புதுப் பெட்டி ஒண்ணு வாங்குமா. வர்ற வெள்ளிக்கெழமயே புதுத்துணி வச்சு, பேர் சொல்லிக் கூப்புடுவோம். பாவம், வீடு இல்லாம அலையும்லா" என்றார்.

அங்கேதான் நான் தப்பு செய்தேன்.

அளவுத் துணி திருடனோடு போய்விட்டது. ரவாங் துணிக்கடையில் நின்றபோது எந்த அளவு எடுப்பது என்றே தெரியவில்லை. நான் கையுறைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாகத் தரம் பார்க்கிறவள். ஊசி முனை ஓட்டைகூட என் கண்ணுக்குத் தப்பாது. அன்றைக்கு என்ன குருட்டுத்தனமோ, கடைக்காரப் பெண் கூட வந்த விஷாலினியைக் காட்டி, "தங்கச்சி சைஸ்தானேக்கா? போட்டுப் பாக்கச் சொல்லுங்க" என்றதும் தலையாட்டிவிட்டேன். அக்காவுக்கும் பதினொன்று, இவளுக்கும் பதினொன்று. இரண்டு நிமிடத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

விஷாலினி மஞ்சள் பாவாடையில் வெளியே வந்து ஒரு சுற்று சுற்றினாள். "மா, நைஸா இருக்கா?"

நன்றாகத்தான் இருந்தது. அளவெடுத்துத் தைத்தது போல.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐயாவு அண்ணன் வந்தார். புதுப் பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார். துணியைக் கையில் வாங்கியவர், சற்று நின்று, என்னைப் பார்த்தார்.

"யாரும் போட்டுப் பாக்கலியே?"

"இல்லண்ணே."

விஷாலினி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் துணியைப் பெட்டிக்குள் வைத்து, அக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

மறுநாளிலிருந்து வீட்டில் ஒரு நாற்றம், ஒட்டுப்பால் நாற்றம். ரப்பர்க் கோப்பையில் காய்ந்து புளித்த பாலை ஒட்டுப்பால் என்போம். மூட்டைக் கணக்கில் சேர்த்து வைத்தால் லயமே நாறும். பள்ளிக்குப் போகுமுன் அம்மாவோடு போய் அதைச் சேகரிப்பது அக்காவின் வேலை. இந்தப் பக்கம் ரப்பர் மரத்தை வெட்டி, எண்ணெய்க்குச் செம்பனை நட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. செத்த எலியாக இருக்கும் என்று என் கணவர் மேசைக்கடியில் எல்லாம் தேடினார். நான் ஒவ்வோர் இடமாக மோப்பம் பிடித்துக்கொண்டே போனேன்.

நாற்றம் விஷாலினியின் தலையணையில் இருந்தது.

மூன்றாம் நாள் விடிகாலை அடுப்படியில் வாளிச் சத்தம் கேட்டது. எழுப்பினாலும் எழாத என் மகள் குளித்து, இரட்டைச் சடை போட்டு, வாளியோடு நின்றாள்.

"எங்கடா கெளம்பிட்ட?"

"பெரட்டுக்கு மணி அடிச்சிட்டாங்க" என்றாள்.

பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது. அந்தச் சொல்லை நானே கேட்டு முப்பது வருடம் இருக்கும். வாளியை வாங்கி வைத்தேன்.

அதற்குப் பிறகு அவள் வாயில் ஓர் ஆங்கில வார்த்தைகூட வரவில்லை. போனைத் தொடவில்லை. வைத்த சோற்றைத் தட்டு துடைத்துச் சாப்பிட்டாள். "பொண்ணு திருந்திட்டா லா" என்று என் கணவர் சந்தோஷப்பட்டார். அவரிடம் என்னவென்று சொல்வேன்?

ஒரு மதியம். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நான் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து விரல்கள் என் தலைமுடியைப் பிரித்தன. பேன் பார்ப்பது போல, வகிடு வகிடாக.

"ஏ சின்னக்குட்டி."

அக்கா மட்டும்தான் என்னை அப்படிக் கூப்பிடுவாள். அம்மாகூடக் கூப்பிட்டதில்லை. என் கணவருக்கும் அந்தப் பெயர் தெரியாது.

"என் பெட்டியத் தூக்கிட்டுப் போறப்ப நான் கத்துனேன்டி. நீ ஏன் வரல?"

திரும்பிப் பார்த்தேன். என் மகள்தான். என் மகளின் மூக்கு, என் மகளின் கன்னத்து மச்சம். ஆனால் என்னை ஒரு சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா என்று கட்டிக்கொண்டு அழவும் ஆசையாக இருந்தது, எழுந்து ஓடவும் கால் துடித்தது. இரண்டையும் செய்யாமல், "விஷா, போய் முகத்தக் கழுவுடா" என்றேன்.

அடுத்த வாரம் போலீஸ் நிலையத்திலிருந்து போன் வந்தது. பச்சைப் பெட்டி கிடைத்துவிட்டதாம். செம்பனைக் குலை வெட்டப் போன ஒருவர் வாய்க்காலில் கண்டெடுத்துக் கொடுத்திருக்கிறார். வேறு எதுவும் கிடைக்கவில்லை. போய்ப் பார்த்தேன். பெட்டி நசுங்கவில்லை, பூட்டும் உடையவில்லை. திறந்துகூடப் பார்க்காமல் திருடன் ஏன் வீசினான் என்று போலீஸ்காரர் கேட்டார். எனக்கு அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. அக்காவின் வீடு திரும்பி வந்துவிட்டது, இனி என் மகளை விட்டுவிடுவாள். அந்த ஒரே நினைப்பில் அங்கேயே நின்று ஐயாவு அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"நல்லதாப் போச்சுமா. ஆடியில செய்யிற மாதிரியே செய்யி. பழசை ஆத்துல விட்டுட்டு, புதுத்துணிய எடுத்துப் பச்சைப் பெட்டியில வச்சுப் பூட்டிடு. அவ எடத்துக்கு அவ போயிருவா." பிறகு கேட்டார்: "வேற எதுவும் இல்லியே?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பெரியவரிடம் பொய் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது.

"இல்லண்ணே" என்றேன்.

பழைய பாவாடையை ஆற்றில் விட்டுவிட்டு வீட்டுக்கு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. மூன்றரை மணி இருக்கும். என் கணவர் வேலையில் இருந்தார். சாமி மேடைக்கு முன்னால் விளக்கேற்றி, பச்சைப் பெட்டியைத் திறந்தேன். புதுப் பெட்டியிலிருந்த மஞ்சள் பாவாடையை எடுத்து, மடித்து உள்ளே வைத்தேன். விஷாலினி சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூடினேன்.

பூட்டினேன்.

நாற்றம் அந்த நிமிடமே போய்விட்டது. விளக்கு எண்ணெய் வாசம் மட்டும் இருந்தது. விஷாலினியின் தலை தொய்ந்து விழுந்தது. ஓடிப்போய் மடியில் போட்டுக்கொண்டேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் பிள்ளை வந்துவிட்டாள், மாரியாத்தா என்று வாய்விட்டு அழுதேன். நெற்றியெல்லாம் முத்தம் கொடுத்தேன்.

டக்.

மழைத்துளி என்று நினைத்தேன்.

டக். டக்.

தகரத்தில், உள்ளேயிருந்து.

"மா?"

நான் பெற்ற பிள்ளையின் குரல். எத்தனை குரலுக்கு நடுவிலும் எனக்குத் தெரியும்.

"மா, ரொம்ப டார்க்கா இருக்கு. ஓப்பன் பண்ணுங்கமா. ப்ளீஸ்."

என் மடியில் இருந்தவள் என் கன்னத்தைத் தடவினாள்.

"தொறக்காதடி சின்னக்குட்டி" என்றாள் மெதுவாக. "தொறந்தா நான் எங்க போவேன்?"

அவளைத் தள்ளிவிட்டுத் திறக்கப் போனேன். சாவி துவாரத்தில் நுழைய மாட்டேன் என்றது. மூடியைத் தூக்கியபோது உள்ளே மஞ்சள் பாவாடை, வளையல், ரிப்பன். அவ்வளவுதான். சத்தம் நின்றுவிட்டது. துணியை வெளியே எடுத்து உதறினேன், மடியில் வைத்துக் கூப்பிட்டேன், தொண்டை கிழியக் கத்தினேன். பதில் இல்லை.

அன்றைக்கே ஐயாவு அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன்.

"அந்தத் துணி உம் மகளோடதும்மா" என்றார். "உம் மகளத்தான் நீ வச்சுப் பூட்டியிருக்க. எனக்கு இதுக்கு வழி தெரியாது." அதற்குப் பிறகு அவர் என் போனை எடுப்பதில்லை.

ஒன்பது மாதம் ஆகிறது. என் கணவருக்குப் பெட்டியிலிருந்து எதுவும் கேட்பதில்லை. திருட்டுப் போனதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை என்று ரவாங்கில் டாக்டரிடம் காட்டினார். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், போட்டுக்கொள்கிறேன். என் மகள் உடம்பில் இருக்கும் இவள் பள்ளிக்கூடம் போகிறாள். டீச்சர்களிடம் நல்ல பேர். இவளிடம் எனக்குக் கோபம் வருவதில்லை என்பதுதான் கொடுமை. இவளும் என் ரத்தம், பதினொரு வயதில் லோரியில் பாதி வழியில் செத்தவள். மாலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொடுக்கிறாள். அந்தப் பெட்டியை ஆற்றில் விட்டுவிடலாமே என்று தினமும் ஒருமுறை கேட்கிறாள்.

மூடி திறந்திருந்தால் என் மகள் பேசமாட்டாள். மூடினால்தான் குரல் வரும். அவளைக் கேட்க வேண்டுமென்றால் நானே அவளை இருட்டில் வைத்து மூட வேண்டும். வேலை முடிந்து வந்ததும் ஐந்து நிமிடம் மூடி, காதை வைத்துக்கொள்கிறேன். சாப்பிட்டாயா என்று கேட்பேன். அழாதே என்பேன். அதற்குமேல் தாங்காமல் திறந்துவிடுவேன்.

இந்த வாரம் ஆடி பிறக்கிறது. நேற்று இவளுக்குப் பள்ளிச் சீருடை எடுக்கலாம் என்று பழையதைப் போட்டுப் பார்த்தோம். போன வருடத்துச் சீருடை கச்சிதமாக இருந்தது. ஓர் அங்குலம்கூடக் குட்டையாகவில்லை. "நல்லதாப் போச்சு, புதுசு வேணாம்" என்று என் கணவர் சிரித்தார். இவள் வளரவில்லை. இவள் பதினொன்றிலேயே நிற்கிறாள்.

சாயங்காலம் பெட்டியை மூடிக் காதை வைத்தேன். வழக்கத்தைவிடக் குரல் கிட்டத்தில், தகரத்தை ஒட்டினாற்போலக் கேட்டது.

"மா, இங்க இடம் பத்தலமா. கால்கூட நீட்ட முடியல."